தூலோனில் ஒரு துனீசிய வீடு



சென்ற மாதம் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு படம் வந்து சேர்ந்தது. மதீனாவில், நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் நிற்கும் நெடிய உருவமுடைய ஒருவர். நியூசிலாந்தின் றக்பி வீரர் சொனி பில் வில்லியம்ஸ், 2018 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உம்ராவுக்குச் சென்றபோது எடுக்கப்பட்ட படம் அது. யாரோ ஒருவர் அதனைப் புதுச்செய்தி போலப் பகிர்ந்திருந்தார். புகழ்பெற்ற வீரர் இஸ்லாத்தைத் தழுவிவிட்டார் என்று ஒரு தலைப்பு. அதன் கீழே வரிசையாக மாஷா அல்லாஹ்கள். அவர் இஸ்லாத்தை ஏற்று, அந்தப் படம் எடுக்கப்பட்ட நாளிலேயே ஒன்பது ஆண்டுகளளவில் கடந்திருந்தன என்பதை எவரும் கவனிக்கவில்லை. நாங்களும் எங்கள் பங்குக்கு ஒரு மாஷா அல்லாஹ்வை எழுதிவிட்டுத் தொலைபேசியை மூடி வைத்தோம்.

ஆனால் அன்றிரவு நாங்கள் இருவரும் வெகுநேரம் விழித்திருந்து பேசிக்கொண்டிருந்தோம். பேசியது அந்த வீரரைப் பற்றியன்று. அந்தச் செய்தியில் ஒரு வரியாகவேனும் இடம்பெறாத ஒரு குடும்பத்தைப் பற்றியும், பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் ஒழுங்கையில் மூன்று மாதங்கள் குடியிருந்த ஒரு மனிதரைப் பற்றியும்தான். கணவனும் மனைவியுமாக நாங்கள் சேர்ந்து எழுதும் இக்கட்டுரை, அன்றைய பேச்சின் மிச்சம்.

றக்பி எங்களுக்கு எங்கள் மகன் வழியாக அறிமுகமான விளையாட்டு. கொழும்பில் ஆண்பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அதிலிருந்து தப்புவது எளிதன்று. ஸாஹிராக் கல்லூரி தொடங்கி நகரின் பெரிய பாடசாலைகள் பலவும் விளையாடும் விளையாட்டு அது. சேறு படிந்த காலுறைகளைத் துவைத்தும், சனிக்கிழமை மாலைகளை மைதான ஓரங்களில் கழித்தும், எந்த வீரர் எந்த நாட்டுக் கழகத்தில் எவ்வளவு பணத்துக்கு ஒப்பந்தமாகியிருக்கிறார் என்ற மகனின் ஓயாத விரிவுரைகளைக் கேட்டும் நாங்களும் ஓரளவு கற்றுக்கொண்டோம்.

அந்த விரிவுரைகளில் அடிக்கடி வந்துபோன பெயர் தூலோன். பிரான்சின் தெற்கே, மத்தியதரைக் கடலோரத்தில், அந்நாட்டுக் கடற்படை நங்கூரமிடும் துறைமுக நகரம். அங்குள்ள றக்பிக் கழகம் 2006 ஆம் ஆண்டில் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு அதன் தலைவராக வந்தவர் முராத் புஜெலால். அதே நகரில் பிறந்தவர். அல்ஜீரியப் பூர்வீகம் கொண்ட குடியேற்றக் குடும்பத்தின் மகன். சித்திரக்கதை நூல்களை வெளியிட்டுச் செல்வந்தரானவர். அவர் செய்த காரியம் அன்றைய றக்பி உலகைத் திகைக்க வைத்தது. நியூசிலாந்தின் முன்னாள் தலைவர் டானா உமாகா, அவுஸ்திரேலியாவின் ஜோர்ஜ் கிரேகன், தென்னாபிரிக்காவின் விக்டர் மட்ஃபீல்ட் என, உலகக் கிண்ணப் போட்டிகளில் நாம் பார்த்துப் பழகிய பெயர்களை அந்த இரண்டாம் பிரிவுக் கழகத்துக்கே அழைத்து வந்துவிட்டார். 2008இல் கழகம் முதற்பிரிவுக்கு ஏறியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ஜொனி வில்கின்சன் வந்தார். பின்னர் அவுஸ்திரேலியாவின் மட் கிட்டோ, தென்னாபிரிக்காவின் பிரயன் ஹபானா. 2013, 2014, 2015 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக ஐரோப்பியக் கிண்ணம் தூலோனுக்கே சென்றது.

இவ்வாறான பயணங்களை எங்கள் மகன் பெரும் சாகசங்களாக வருணிப்பான். எங்களுக்கோ அவை வேறு விதமாகத் தோன்றும். தாயகத்தில் கிடைக்காத ஊதியத்துக்காகக் கடல் கடந்து, மொழி தெரியாத ஊரில், ஒப்பந்தக் காலம் முடியும்வரை உடலை உழைப்பில் வைக்கும் மனிதர்கள். சவூதிக்கும் கட்டாருக்கும் குவைத்துக்கும் உறவினரை அனுப்பிவிட்டு விமான நிலையத்தில் நின்ற நம்மவர்களுக்கு இது புதிய கதையன்று. தொகைதான் வேறு. நியூசிலாந்துக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் விலையும் உண்டு. வெளிநாட்டுக் கழகத்தில் ஆடுபவரை அந்நாடு தன் தேசிய அணியில் சேர்ப்பதில்லை. ஆகவே ஒருவர் பிரான்சுக்கோ ஜப்பானுக்கோ செல்லத் தீர்மானித்தால் அந்தக் கறுப்புச் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டே செல்ல வேண்டும். டான் கார்ட்டர் போன்ற ஒரு சிலருக்கு மட்டும் விடுமுறை போல ஓர் இடைவெளி கிடைத்தது. அவரும் 2008இன் இறுதியில் பெர்பினியானுக்குச் சென்று, ஐந்து ஆட்டங்கள் ஆடி, குதிகால் நரம்பு அறுந்து திரும்பினார். உடலை முதலாக வைத்துச் செய்யும் தொழிலின் நிலை அதுதான்.

வில்லியம்ஸ் தூலோனுக்குப் போனது 2008 ஜூலையில். அந்தப் பயணத்தில் பெருமைப்பட ஏதுமில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சிட்னியின் ஒரு கழகத்தில், றக்பி லீக் எனப்படும் பதின்மூவர் ஆட்டத்தில், பத்தொன்பது வயதிலேயே வாகை சூடியவர் அவர். கழகத்துடனான ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் எஞ்சியிருக்க, பருவத்தின் நடுவில், சக வீரர்களிடமும் சொல்லிக்கொள்ளாமல் விமானம் ஏறினார். அவுஸ்திரேலியப் பத்திரிகைகள் அவரைக் காசுக்காக ஓடியவர் என்று எழுதின. விவகாரம் நீதிமன்றம்வரை சென்று, பெருந்தொகை இழப்பீட்டுடன் முடிந்தது. மதுவிலும் இரவு விருந்துகளிலும் தாம் தொலைத்த காலம் அது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். நம் குழுமங்களில் பகிரப்படும் படங்களில் இந்தப் பகுதி வருவதேயில்லை. கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதை ஈமானோடு சேர்த்துப் பேசும் மார்க்கம் நம்முடையது. அந்தப் பயணத்தை நாம் அழகுபடுத்திக் காட்ட வேண்டிய தேவையில்லை. நிய்யத்தைப் பற்றிய புகழ்பெற்ற நபிமொழியில் பயணமே உதாரணமாக வருவதும், உலகத்தை நாடிப் போனவருக்கு அந்த உலகம் மட்டுமே என்று அதில் பிரித்துக் காட்டப்படுவதும் நாம் அறிந்தவையே. இவர் போனது உலகத்தை நாடித்தான்.

ஆனால் போன இடத்தில் அல்லாஹ் வேறொன்றை வைத்திருந்தான். தூலோனில் அவருக்குத் துனீசியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பழக்கம் ஏற்பட்டது. சிறிய வீடு, நிறையப் பிள்ளைகள், குறைந்த வருவாய். அந்த வீட்டுக்குப் போய்வந்த நாள்களில், இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு இவர்கள் எப்படி இவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள் என்ற வியப்பு தமக்கு ஏற்பட்டதாகப் பின்னாளில் அவர் பல முறை சொல்லியிருக்கிறார். அந்த வியப்பே அவரை மார்க்கத்தின் பக்கம் திருப்பியது. 2009 அளவில் பிரான்சில் இருந்தபோதே அவர் ஷஹாதா மொழிந்தார்.

நாங்கள் அன்றிரவு விழித்திருந்தது இந்த இடத்தில்தான். உலகமே அறிந்த அந்த வீரரைத் தம் வீட்டுக்குள் அழைத்து அமர வைத்த அந்தத் தாயும் தந்தையும் யார்? அவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. அழைத்தபோது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? பிரபலமான விளையாட்டு வீரர் என்றா, அல்லது ஊரைவிட்டு வந்த ஓர் இளைஞன், தனியாகச் சாப்பிடுகிறான் என்றா? அந்த வீட்டில் சமையலறை அடுப்பின் மேல் கொதித்துக்கொண்டிருந்த சட்டியில், எதிர்பாராமல் வந்த ஒருவருக்காக எத்தனை முறை தண்ணீர் கூட்டப்பட்டிருக்கும்? குழம்பில் நீரைச் சற்று அதிகமாக்கி அயலவரையும் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரையை நாமெல்லோரும் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். அவர்களும் படித்திருப்பார்கள். வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் தண்ணீரைக் கூட்டினார்கள்.

இனி எங்கள் ஒழுங்கைக்கு வருகின்றோம்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இலங்கையின் றக்பிக் கழகங்களும் வெளிநாட்டு வீரர்களைக் கொண்டுவந்து ஆடிக்கொண்டிருந்தன. தூலோனின் பணத்தோடு அதனை ஒப்பிட முடியாது, வந்தவர்களும் நட்சத்திரங்களல்லர். பெரும்பாலும் பீஜி முதலிய பசிபிக் தீவுகளைச் சேர்ந்த இளைஞர்கள். அவர்களில் ஒருவரை, கொழும்பின் ஒரு கழகம் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அனெக்ஸில் குடியமர்த்தியது. எங்கள் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அந்த மனிதர் ஒழுங்கையில் நடந்து வரும்போதெல்லாம் மதிலில் ஏறி நின்று பார்ப்பான். தலை குனிந்துதான் கடைக்குள் நுழைய வேண்டிய உயரம். கையில் எப்போதும் ஒரு றாத்தல் பாணும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டையும், எங்கள் சாரத்தைப் போன்று இடுப்பில் கட்டும் தம் நாட்டு உடையும் அணிந்து, கையில் வேதப் புத்தகத்துடன் தேவாலயத்துக்கு நடந்து போவார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு நாள் மஃரிபுக்குச் சற்றுப் பின்னர், எங்கள் வாசலில் நின்று அவர் ஒரு கேள்வி கேட்டார். பள்ளிவாசலில் அழைப்பவர் எப்போதும் ஒரே ஆள்தானா, அதிகாலையில் ஒலிப்பது வேறு குரலாக இருக்கிறதே என்றார். நாங்கள் வியந்து போனோம். ஸுபஹுக்குப் பாங்கு சொல்பவர் வேறொருவர் என்பது உண்மை. அந்த ஒழுங்கையில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்த நாங்கள் அதனைக் கவனித்ததில்லை. அவ்வளவு அதிகாலையில், அவ்வளவு கூர்ந்து ஒரு குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதர் எவ்வளவு தனிமையில் இருந்திருப்பார் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. ‘ஆம், வேறு ஆள்தான்’ என்று சொன்னோம். அவர் தலையசைத்துப் போய்விட்டார்.

பிறகு நோன்பு வந்தது. அசருக்குப் பின்னர் ஒழுங்கை முழுதும் கஞ்சி மணக்கும் நாள்கள். ஒரு மாலை, மழை விட்டிருந்த நேரம், அவர் பயிற்சி முடிந்து வந்துகொண்டிருந்தார். எங்கள் வாசற்கதவு திறந்திருந்தது. உள்ளே பாய் விரித்து, பேரீச்சம்பழமும் கஞ்சிக் கோப்பைகளும் வைத்து, பிள்ளைகள் சுற்றி அமர்ந்திருந்தார்கள். அவர் வாசலில் ஒரு கணம் நின்று பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பாங்குக்கு நேரமாகிவிட்டதென்று கதவைச் சாத்தினோம்.

அவ்வளவுதான் நடந்தது. எவரும் எவரையும் கடிந்து பேசவில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் அந்தக் கதவு சாத்தப்பட்ட ஓசை இப்போதும் கேட்கிறது.

ஏன் அழைக்கவில்லை என்று அன்றிரவு ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். காரணங்கள் இருந்தன. வீட்டில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். விளையாட்டு வீரர்கள் குடிப்பார்களாமே. அவர் கிறிஸ்தவர், நோன்பு திறக்கும் இடத்தில் அவருக்கு என்ன வேலை. மூன்று மாதத்தில் போகப் போகிறவர். ஒழுங்கையார் என்ன சொல்வார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே கேட்கும்போது நியாயம் போலத் தோன்றும். இத்தனைக்கும் அவர் குடித்து நாங்கள் ஒரு நாளும் கண்டதில்லை. வாப்பாவையும் இரண்டு மகன்மாரையும் வெளி விறாந்தையில் அமர்த்தி ஒரு சஹனில் அவரோடு சாப்பிட வைத்திருக்கலாம். இது பதினைந்து ஆண்டுகள் கழித்து எங்களுக்குத் தோன்றும் எளிய வழி. அன்று அது ஏன் தோன்றவில்லை?

பெருநாளுக்கு ஒழுங்கையின் எல்லா வீடுகளுக்கும் வட்டிலப்பம் அனுப்பினோம். சிங்கள வீடுகளுக்கும் தமிழ் வீடுகளுக்கும் அனுப்பினோம். அனெக்ஸுக்கு அனுப்பவில்லை. வேண்டுமென்று விட்டதன்று, அது ஒரு வீடாக எங்கள் கணக்கில் இருக்கவேயில்லை.

அதற்குள் அவருக்கு முழங்காலில் அடிபட்டிருந்தது. சில வாரங்கள் அவர் வெளியே வரவில்லை. ஒப்பந்தப் பணம் தாமதமாகிறதாம், பாணுக்குக் கடன் சொல்லியிருக்கிறார் என்று கடைக்கார நானா சொன்னார். உண்மையா என்று நாங்கள் விசாரிக்கவுமில்லை. பிறகு ஒரு நாள் முச்சக்கரவண்டியில் பைகள் ஏற்றப்பட்டன. போகுமுன் நொண்டிக்கொண்டே எங்கள் வாசல்வரை வந்து, மதிலின் மேலிருந்த எங்கள் மகனிடம் ஒரு றக்பிப் பந்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பந்து நெடுங்காலம் எங்கள் வீட்டில் கிடந்தது. அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஒழுங்கையில் எல்லோரும் அவரை ‘பீஜிக்காரர்’ என்றே சொன்னோம்.

தூலோனுக்குப் போன ஒருவரையும் எங்கள் ஒழுங்கைக்கு வந்த ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியா என்று சிலர் கேட்கக்கூடும். பணத்தில் அவர்களுக்கிடையே மலைக்கும் மடுவுக்குமான தூரம். வெளிநாட்டு லீக்குகள் என்றதும் நாம் நினைப்பது தலைப்புச் செய்தியாகும் பத்துப் பேரைத்தான். அவர்களுக்குப் பின்னால் பீஜியிலிருந்தும் சமோவாவிலிருந்தும் தொங்காவிலிருந்தும் பிரான்சின் சிறு நகரங்களுக்கும் கீழ்ப்பிரிவுக் கழகங்களுக்கும் போகும் இளைஞர்கள் நிறையப் பேர். ஊரிலுள்ள பெரிய குடும்பமொன்றின் செலவு அவர்கள் தோளில் இருக்கும். காயப்பட்டால் மொழி தெரியாத மருத்துவமனை; ஒப்பந்தம் நீடிக்கப்படாவிட்டால் அடுத்த விமானம். வளைகுடாவில் முகாம் அறைகளில் இருந்த நம் சகோதரர்கள் எழுதிய கடிதங்களைப் படித்தவர்களுக்கு இதில் விளக்க ஏதுமில்லை. ஆனால் மாலையில் பயிற்சி முடிந்து அறைக்குத் திரும்பி, யாரோடும் பேசாமல் பாணைப் பிய்த்துச் சாப்பிடும் நேரத்தில், பெரும் சம்பளக்காரருக்கும் சிறு சம்பளக்காரருக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் இருந்திருக்கும்? வில்லியம்ஸின் வாயிலிருந்தே கேட்டோம்: அவரிடம் பணம் இருந்தது, நிம்மதி அந்தச் சிறிய வீட்டில்தான் இருந்தது.

மதீனாவுக்கு வந்த முஹாஜிர்களில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு ரபீஃ (ரழி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்ததும், அவரோ நன்றி கூறி, சந்தைக்கு வழியைக் காட்டினால் போதும் என்றதும் நாம் ஜும்ஆ பிரசங்கங்களில் பலமுறை கேட்ட வரலாறு. கேட்கும்போதெல்லாம் சந்தைக்குப் போன அப்துர் ரஹ்மான் (ரழி) அவர்களின் தன்மானத்தையே நாங்கள் வியந்திருக்கிறோம். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதைத்தான். கதவைத் திறந்து வைத்திருந்தவரைப் பற்றி ஒரு நாளும் தனியாகப் பேசியதில்லை. அந்தக் கதவு திறந்திருந்ததனால்தான் இவருக்குச் சந்தையைக் கேட்க ஓர் ஆள் கிடைத்தார்.

இங்கே ஒரு சிறு விளக்கம். நாங்கள் அவரை அழைத்திருந்தால் அவர் முஸ்லிமாகியிருப்பார் என்று சொல்ல வரவில்லை. ஞாயிறு தவறாமல் தம் தேவாலயத்துக்குப் போன மனிதர் அவர். ஹிதாயத் அல்லாஹ்வின் கையில் இருப்பது. அதனைக் கணக்கில் வைத்துப் பரிமாறும் சோறு விருந்தாகாது. தூலோனின் அந்தக் குடும்பமும் எந்தக் கணக்கும் வைத்திருக்கவில்லை என்றே நாங்கள் நம்புகின்றோம். அயலவரின் உரிமையைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திக்கொண்டே இருந்ததனால், அயலவருக்குச் சொத்தில் பங்கும் வந்துவிடுமோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு அது இருந்தது என்கிறது நபிமொழி. அதில் அயலவர் எந்த மதத்தவர், எத்தனை மாத ஒப்பந்தத்தில் வந்தவர் என்ற பேச்சு இல்லை.

வில்லியம்ஸின் பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2010இல் தூலோன் தர முன்வந்த பெரிய ஒப்பந்தத்தை விட்டுவிட்டு நியூசிலாந்துக்குத் திரும்பினார். அவ்வாண்டின் இறுதியில் ஓல் பிளெக்ஸ் சீருடையை அணிந்தார். 2011, 2015 ஆகிய இரண்டு உலகக் கிண்ணங்களை வென்ற அணிகளில் இருந்தார். இடையில் ஜப்பானுக்கும், மீண்டும் சிட்னிக்கும், ஓய்வு பெறும் காலத்தில் கனடாவின் டொரொன்டோவுக்கும் ஒப்பந்தங்களுக்காகப் பறந்தார். டொரொன்டோ ஒப்பந்தம் றக்பி லீக் கண்ட மிகப்பெரிய ஒப்பந்தங்களில் ஒன்றெனப் பேசப்பட்டது; கொரோனா வந்து, அந்தக் கழகமே 2020 பருவத்தின் நடுவில் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. எவ்வளவு பெரிய ஒப்பந்தத்திலும் கையொப்பமிடுவது நாம்; நடத்துபவன் வேறு.

அவருடைய வாழ்வில் எங்களை அதிகம் தொட்டது கிண்ணங்களல்ல. 2017 ஏப்ரலில் ஓர் ஆட்டத்தில், தம் சீருடையின் கழுத்துப்பட்டியில் இருந்த வங்கி ஒன்றின் இலச்சினையை அவர் ஒட்டுநாடாவால் மூடிக்கொண்டு களமிறங்கினார். வட்டி, மது, சூதாட்டம் ஆகியவற்றின் விளம்பரங்களைத் தம் உடலில் சுமக்க இயலாது என்றார். அந்நாட்டு றக்பி நிர்வாகம் மார்க்கக் காரணத்தை ஏற்று விலக்களித்தது. சம்பளம் மட்டும் அந்த விளம்பரப் பணத்திலிருந்துதானே வருகிறது என்று எள்ளியவர்களும் உண்டு. எங்கள் உறவினர் ஒருவரும் அப்படித்தான் சொன்னார். அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் கணக்கும் அவ்வாறான ஒரு வங்கியில்தான் இருக்கிறது. கைக்கு எட்டிய இடத்திலிருந்து ஒருவர் தொடங்குகிறார். அவர் கைக்கு எட்டியது அந்தக் கழுத்துப்பட்டி. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிறு வீட்டின் பாயில் அமர்ந்தபோது உள்ளே சென்ற ஒன்றுதான் அங்கே ஒட்டுநாடாவாக வெளியே வந்தது என்று நாங்கள் நினைக்கின்றோம்.

2019 மார்ச் 15ஆம் நாள், வெள்ளிக்கிழமை, கிறைஸ்ட்சேர்ச்சின் இரண்டு பள்ளிவாசல்களில் ஐம்பத்தொரு பேர் ஷஹீதாக்கப்பட்டார்கள். வில்லியம்ஸ் முன்னர் ஆடிய நகரம் அது. அன்று காரில் அமர்ந்து அவர் அழுதுகொண்டு பேசிய காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சில நாள்களின் பின் அவர் அந்நகருக்குச் சென்று காயமடைந்தோரைச் சந்தித்தார். உடன் சென்ற சக வீரர் ஓஃபா துஉங்காஃபாசி, தொங்காவைப் பூர்வீகமாகக் கொண்டவர், அந்நாள்களில் இஸ்லாத்தை ஏற்றார். வில்லியம்ஸின் தாயாரும் ஏற்றார். தூலோனில் இருந்த அந்தக் குடும்பத்துக்கு இந்தச் செய்தி எட்டியிருக்குமா? தங்கள் அடுப்பிலிருந்து புறப்பட்டது உலகின் மறுகோடியில் ஒரு தாயின் வாசல்வரை போய்ச் சேர்ந்ததை அவர்கள் அறிவார்களா? அறியாமலே இருந்தாலும் எழுதப்பட வேண்டிய ஏட்டில் எழுதப்பட்டிருக்கும்.

எங்கள் மகன் இப்போது மெல்பர்னில் இருக்கிறான். றக்பியை விட்டு நாளாயிற்று. கட்டட நிறுவனமொன்றில் பொறியியலாளனாக இரண்டு ஆண்டு ஒப்பந்தம். புறப்படும்போது நாங்கள் கேட்டவை எல்லாப் பெற்றோரும் கேட்பவைதாம். சம்பளம் எவ்வளவு, அறை வாடகை எவ்வளவு, ஹலால் கடை பக்கத்தில் இருக்கிறதா, பள்ளிவாசல் எத்தனை நிமிட நடை. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

சென்ற நோன்பின் முதல் நாள் இரவு அழைத்தான். வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது, அறையில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டுமே இருந்தன, வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கதவு தட்டப்பட்டது என்றான். எதிர் வீட்டு ஆப்கானியர். ஒரு நீண்ட ரொட்டியையும் மூடிய கிண்ணமொன்றையும் நீட்டியிருக்கிறார். கிண்ணத்தில் என்ன இருந்தது என்று கேட்டோம். பெயர் தெரியவில்லை, பருப்பும் இறைச்சியும் போட்டது, நல்ல சூடாக இருந்தது என்றான். அதன்பிறகு நாள்தோறும் வருகிறதாம். வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறார்களாம்.

நாங்கள் இருவரும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. தொலைபேசி அறுந்துவிட்டதோ என்று அவன் இரண்டு முறை ‘உம்மா, உம்மா’ என்று அழைத்தான். பிறகு, அந்த மனிதரின் பெயர் என்ன என்று கேட்டோம். அவன் சொன்னது முதலில் சரியாக விளங்கவில்லை. எழுத்துக் கூட்டிச் சொல்லுமாறு கேட்டு, எங்களில் ஒருவர் பேனாவை எடுத்து, சுவரில் தொங்கிய நோன்பு நேர அட்டவணையின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். அவருடைய மனைவியின் பெயரையும் விசாரித்துச் சொல்லும்படி சொன்னோம்.